யாருக்கோ செய்த லேப்டாப்

கடையில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் புது லேப்டாப்களுக்கு நடுவில் ஒரு திங்க்பேடைக் கொண்டுபோய் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கன்னங்கரேல் என்று ஒரு பெட்டி. கீபோர்டுக்கு நடுவே பொட்டு வைத்தது போல ஒரு சிவப்புக் குமிழ். அலங்காரம் என்றால் அவ்வளவுதான். ஆனால் அதே பெட்டி ஐந்தாறு வருஷம் கழித்து சென்னை ரிட்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ செகண்ட் ஹேண்டாக வந்து நிற்கும்போது, இன்ஜினியரிங் மாணவர்கள் அதைத்தான் தேடிப்பிடித்து விசாரிக்கிறார்கள். ஏனாம்?

விலை குறைவு என்பது பாதி பதில்தான். பழைய லேப்டாப் எல்லாமே விலை குறைவுதான். ஆறு வருஷம் ஓடிய வீட்டு உபயோக லேப்டாப்பை யாராவது ஆசையோடு வாங்குகிறார்களா என்ன?

முழு பதில் இந்தப் பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது. இதை வாங்க முடிவெடுத்தவர் ஒருவர், அதாவது ஏதோ ஒரு கம்பெனியின் ஐடி டிபார்ட்மென்ட். மூன்று நான்கு வருஷம் தினமும் தட்டியவர் இன்னொருவர், அந்தக் கம்பெனி ஊழியர். குத்தகை முடிந்து கழித்துக்கட்டிய பிறகு கையில் வைத்திருப்பவர் மூன்றாமவர், நம்ம மாணவர். லேப்டாப்பைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது முதலாமவரை மட்டும்தான். மூன்றாமவர் அனுபவிக்கிற நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

எல்லா மாடலையும் பேசினால் பதிவு அனுமார் வால் மாதிரி நீண்டுவிடும். அதனால் ஒரே ஒரு மாடல்: 2018-ல் வந்த திங்க்பேட் டி480. செகண்ட் ஹேண்ட் பிரியர்கள் கோவில் கட்டாத குறையாகக் கொண்டாடுவது இதைத்தான்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். திங்க்பேட் ஐபிஎம்மின் குழந்தை. முதல் புகழ்பெற்ற மாடலான 700சி வந்தது 1992-ல். ஜப்பானியர்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற பென்டோ பெட்டியை மனதில் வைத்து, ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் இந்தக் கறுப்புப் பெட்டி உருவத்தைக் கொடுத்தார். 2005-ல் ஐபிஎம் தன் பிசி வியாபாரத்தை சீனத்து லெனோவோவுக்கு விற்றுவிட்டது. "போச்சு, இனிமேல் திங்க்பேட் அவ்வளவுதான்" என்று அன்றைக்கே ஒப்பாரி வைத்தவர்கள் உண்டு. அந்த ஒப்பாரி இன்னும் ஓயவில்லை, ஒவ்வொரு புது மாடலுக்கும் யாராவது ஒருவர் புதிதாக ஆரம்பிக்கிறார் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். டி480-ஐ வாங்கியவர் முதலில் செய்கிற காரியம் அதைத் திருப்பிப் போட்டுக் கழற்றிப் பார்ப்பது. பயாஸுக்குள் போய் உள் பேட்டரியை அணைக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்து, வெளி பேட்டரியையும் எடுத்துவிட்டு, அடிமூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும். அந்த ஸ்க்ரூக்கள் மூடியை விட்டுக் கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடாது, மூடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரே நாளில் நாற்பது லேப்டாப் திறந்து பார்க்க வேண்டிய ஒருவரை நினைத்துத்தான் அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது பார்த்த உடனே புரியும்.

மூடியைத் திறந்தால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். லெனோவோ சொல்வது 32 ஜிபி வரை. 64 ஜிபி போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடத்தில் எஸ்எஸ்டி. சிம் கார்டு இணையத்துக்கென்று விட்ட சின்ன ஸ்லாட் காலியாக இருந்தால் அதில் இன்னொரு குட்டி எஸ்எஸ்டி. மதர்போர்டைக் கழற்றாமலேயே கீபோர்டை மாற்றிக்கொள்ளலாம். நாலு வருஷம் யாரோ தட்டித் தட்டி எழுத்து அழிந்த கீபோர்டுதான் பெரும்பாலும் கைக்கு வரும் என்பதால், இது லேசான சௌகரியம் இல்லை.

இதையெல்லாம் செய்வது எப்படி என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் கிடையாது. எந்த ஸ்க்ரூ எங்கே, எதை முதலில் கழற்ற வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கும் பராமரிப்புக் கையேட்டை லெனோவோ தன் தளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பாகங்களுக்கு எஃப்ஆர்யு எண் என்று ஒன்று உண்டு. அந்த எண்ணைச் சொல்லித் தேடினால் சரியான பாகம் கிடைக்கும். பல வீட்டு உபயோக லேப்டாப்களில் "உள்ளே திறக்காதே, வாரன்டி போய்விடும்" என்று ஸ்டிக்கர் மிரட்டுகிற உலகத்தில் இது பெரிய மரியாதை. ஆனால் அந்த மரியாதை மாணவருக்குக் கொடுத்தது இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கில் லேப்டாப் வாங்குகிற கம்பெனிக்குச் சொந்தமாக டெக்னீஷியன்கள் உண்டு. ஒரு கீபோர்டுக்காக லேப்டாப்பைப் பத்து நாள் சர்வீஸ் சென்டருக்கு அனுப்ப அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்காக எழுதிய கையேடு அது. பந்தியில் இடம் கிடைத்த கதைதான் மாணவருடையது.

பேட்டரியில் டி480 ஒரு வித்தை செய்கிறது. பேட்டரி ஒன்றல்ல, இரண்டு. உள்ளே 24 வாட்-மணி கொண்ட ஒன்று. பின்பக்கம் கழற்றி மாட்டுகிற இன்னொன்று. லேப்டாப் முதலில் வெளி பேட்டரியைத் தின்று தீர்க்கும், அப்புறம்தான் உள்ளே இருப்பதைத் தொடும். ஆக, வெளி பேட்டரி தீர்ந்ததும் அதைக் கழற்றி, சார்ஜ் செய்து வைத்திருக்கும் வேறொன்றை மாட்டலாம். லேப்டாப்பை அணைக்கவே வேண்டாம். கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், செமினாருக்கு முதல் நாள் ராத்திரி, இதன் அருமை தெரியும். வெளி பேட்டரியில் பெரியது 72 வாட்-மணி. அதை மாட்டினால் அடிப்பக்கம் துருத்திக்கொண்டு லேப்டாப்பின் பின்பக்கம் தூக்கி நிற்கும். அழகில்லைதான். ஆனால் தட்டச்சுக்கு அந்தச் சாய்வு வசதியாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், காற்றோட்டமும் கூடுதல். எடை மட்டும் இரண்டு கிலோவை நெருங்கிவிடும். தோளில் பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது.

கீபோர்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தட்டிப் பார்த்தால் தெரியும். டி420 மாடலோடு (2011) போன பழைய ஏழு வரிசைக் கீபோர்டு இதைவிட உசத்தி என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும், செய்துவிட்டுப் போகட்டும். காப்பி கொட்டினால் வடிந்து போக அடியில் துளை உண்டு. இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் கீ உட்கார்ந்திருப்பதுதான் எரிச்சல். முதல் வாரம் காப்பி-பேஸ்ட் செய்யப் போய் ஒன்றும் நடக்காமல் விழிப்பார்கள். பயாஸில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

சிவப்புக் குமிழைப் பற்றித்தான் சண்டை. டெட் செல்கர் என்ற ஆராய்ச்சியாளர் ஐபிஎம்மில் இருந்தபோது உருவாக்கியது. கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கை போய்த் திரும்புகிற நேரம் வீண் என்பது அவர் கட்சி. குமிழை நகர்த்தக் கூடாது, விரலால் லேசாக அழுத்த வேண்டும். அம்புக்குறி அந்தத் திசையில் ஓடும். பழகாதவருக்கு அது பேய் பிடித்த மாதிரி ஓடும். சில சமயம் விரலை எடுத்த பிறகும் தானாக ஊர்ந்துகொண்டே இருக்கும். சில விநாடி தொடாமல் விட்டால் அடங்கிவிடும். பழகியவர்கள் மட்டும் பிறகு வேறு லேப்டாப்பைத் தொட மாட்டேன் என்கிறார்கள். 2013-ல் வந்த டி440-ல் இந்தக் குமிழுக்கான மூன்று பட்டன்களையும் லெனோவோ எடுத்துவிட்டது. எழுந்த கூச்சலில் 2015-ல் டி450-ல் அவை திரும்பி வந்தன. மொத்தமாக வாங்குகிற கூட்டம் கத்தினால் கம்பெனி எவ்வளவு சீக்கிரம் காது கொடுக்கிறது பாருங்கள்.

இனி குறைகள். முதலில் திரை. மேல் மூடியைத் திறந்த உடனே மனசு விட்டுப்போகிற இடம் இதுதான். டி480-ஐ அடிமட்ட விலையில் வாங்கிய கம்பெனிகளுக்கு லெனோவோ கொடுத்தது 1366×768 டிஎன் திரை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் நிறமெல்லாம் வெளிறிவிடும். 2018-ல் நடுத்தர விலை செல்போனில்கூட அதைவிட நல்ல திரை இருந்தது! முழு எச்டி ஐபிஎஸ் திரையும் உண்டு. அதுவும் பிரமாதம் இல்லை. வெளிச்சம் 250 நிட்ஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். நிறங்களும் சோகை. போட்டோ எடிட் செய்கிறவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

ஏன் இப்படி? எக்செல் பார்க்கிறவருக்கு எதற்கு நல்ல திரை என்று முதலாமவர் நினைத்தார், அவ்வளவுதான். கீபோர்டு விளக்கும் அப்படியே. அது தனிக் காசு, எனவே பல கம்பெனிகள் அதைத் தவிர்த்தன. கம்பெனி நாலு வருஷத்துக்கு முன்னால் மிச்சம் பிடித்த காசுக்கு மாணவர் இன்றைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஆறுதல், டிஎன் திரையைக் கழற்றிவிட்டு ஐபிஎஸ் திரையை மாட்டுவது இந்த மாடலில் பலரும் செய்கிற வேலை. நோய் கொடுத்த இடத்திலேயே மருந்தும் இருக்கிறது.

ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்து முனகும். கேமரா 720பி. இரண்டும் ஒப்புக்கு இருக்கின்றன, அதற்கு மேல் அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. லினக்ஸ் போட்டவர்களுக்கு ஆரம்ப வருஷங்களில் இன்னொரு தலைவலி இருந்தது: 80 டிகிரி தொட்டவுடனே ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டது, விண்டோஸில் அப்படி இல்லை. ஆர்வலர்கள் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் சரிசெய்தார்கள்.

உண்மையான ஆபத்து சார்ஜ் போடுகிற ஓட்டையில் இருக்கிறது. பழைய திங்க்பேட்களில் சார்ஜர் செருகுகிற ஜாக் தனியாக ஒரு வயரில் இருக்கும். உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். டி480-ல் யுஎஸ்பி-சி. அது நேராக மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டது. வயரில் கால் தடுக்கி இரண்டு முறை இழுபட்டால் ஆட ஆரம்பிக்கும். கூடவே தண்டர்போல்ட் சிப்பின் மென்பொருளில் ஒரு கோளாறு வேறு. அந்த சிப் தன் சின்ன நினைவகத்தில் தேவையில்லாமல் எழுதிக்கொண்டே இருந்து, ஒரு நாள் செயலிழந்துவிடும். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறாது, வெளித்திரை வராது. லெனோவோவே இதை ஒப்புக்கொண்டு 2019-ல் திருத்தம் வெளியிட்டது. முன்கூட்டியே திருத்தத்தைப் போட்டால் தப்பிக்கலாம்; செத்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும், அல்லது சிப்பில் நேரடியாக எழுதத் தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். வாரன்டி இருந்த காலத்தில் கம்பெனிக்கு இது ஒரு போன் காலில் முடிகிற வேலை. மூன்றாமவருக்கு அந்த போன் நம்பர் கிடையாது.

"ராணுவத் தரச் சோதனையில் தேறியது" என்று விளம்பரத்தில் வருவதையும் கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். மில்-எஸ்டிடி-810ஜி என்பது சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனைகளைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பது தயாரிப்பாளர்தான். ராணுவத்திலிருந்து யாரும் வந்து முத்திரை குத்திவிட்டுப் போவதில்லை. டி480 உறுதியான பெட்டிதான், சந்தேகமில்லை. ஆனால் மொட்டை மாடியிலிருந்து போட்டுப் பார்க்க அது உரிமம் இல்லை.

இன்னொரு பொறி, பாஸ்வேர்டு. கம்பெனி ஐடி ஆட்கள் பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டு வைப்பது வழக்கம். திருடு போனால் திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக. கழித்துக்கட்டும்போது அதை எடுக்க மறந்துவிட்டால்? மறந்துபோன சூப்பர்வைசர் பாஸ்வேர்டுக்கு லெனோவோவின் அதிகாரபூர்வ வைத்தியம் ஒன்றே ஒன்று: மதர்போர்டை மாற்று. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடையில் முதலில் செய்வது பேரம் இல்லை. லேப்டாப்பை ஆன் செய்து எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போக முடிகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு யுஎஸ்பி-சி ஓட்டையிலும் சார்ஜர் செருகிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் விலை.

இத்தனை குறை இருந்தும் வீட்டு உபயோக லேப்டாப்பைவிட இது எப்படி மேல் என்று கேட்கலாம். இதே லெனோவோவின் கதை ஒன்று போதும். 2014 கடைசியில் தன் வீட்டு உபயோக லேப்டாப்கள் பலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது அந்தக் கம்பெனி. நீங்கள் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைப்பது அதன் வேலை. அதற்காக எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவி கொண்ட சான்றிதழைப் போட்டு, வங்கித் தளம் உட்பட எல்லாவற்றின் பாதுகாப்பையும் ஓட்டையாக்கி வைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. 2017-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொள்ள வேண்டி வந்தது. பட்டியலில் திங்க்பேட் இல்லை. லெனோவோவுக்குத் திங்க்பேட் மேல் தனிப் பாசம் என்று இதற்கு அர்த்தமில்லை. பத்தாயிரம் லேப்டாப் வாங்குகிற வங்கியிடம் இந்த வேலையைக் காட்டினால் அடுத்த வருஷ ஆர்டர் போய்விடும். ஒற்றை லேப்டாப் வாங்குகிறவர் என்ன செய்துவிடப் போகிறார்?

ஆக, மாணவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, யாரோ பெரிய ஆள் பக்கத்தில் நிற்பதால் கிடைக்கிற நிழல். அந்தப் பெரிய ஆள் நகர்ந்தால் நிழலும் நகரும். நகரவும் செய்தார். 2019-ல் வந்த டி490-ல் வெளி பேட்டரி போய்விட்டது. ரேமில் ஒரு பங்கு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, ஒரு ஸ்லாட் மட்டும் மிஞ்சியது. இன்னும் மெலிதான எக்ஸ்1 கார்பனில் 2012-லிருந்தே ரேம் முழுக்கப் பற்றவைத்ததுதான். கம்பெனிகள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மேனேஜர்களுக்கு மெலிதான லேப்டாப் வேண்டியிருந்தது. மூன்று வருஷத்தில் கழித்துக்கட்டப் போகிற பெட்டிக்கு நடுவில் யார் ரேம் வாங்கிப் போடுகிறார்கள்? கெட்டுப்போனால் மறுநாளே ஆள் வந்து மதர்போர்டை மாற்றிவிடப் போகிறார். கணக்கு சரி. அந்தக் கணக்கில் மூன்றாமவர் மட்டும் இல்லை. 8 ஜிபி போதும் என்று 2019-ல் யாரோ ஒரு அலுவலர் டிக் அடித்தது, அது பற்றவைத்த ரேமாக இருந்தால், 2025-ல் ஒரு மாணவரின் தலையெழுத்தாகிவிடும்.

இதற்கு நடுவே விண்டோஸ் வேறு ஒரு கோடு போட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, உள்ளே வந்தாயிற்று. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் டி470 ஏழாம் தலைமுறை, வெளியே. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி" என்று சொன்னால் நம்ப வேண்டாம். டி470-ல் ப்ராசஸர் கோர் இரண்டு, டி480-ல் பெரும்பாலும் நான்கு. லினக்ஸ் போடுகிறவருக்கு மட்டும் இந்தக் கோடு பொருட்டில்லை. அவருக்கு டி470 இப்போது இன்னும் மலிவாகக் கிடைத்தால் லாபம்தான்.

காற்று கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதி, 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது. 2024-ல் லெனோவோ டி14 ஐந்தாம் தலைமுறையை அறிவித்தபோது, பழுதுபார்ப்பு உரிமைக்காகச் சண்டை போடும் ஐஃபிக்ஸிட் ஆட்களையே கூட வைத்துக்கொண்டு வடிவமைத்திருந்தது. அவர்கள் அதற்குக் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ரேமுக்குப் பழையபடி இரண்டு ஸ்லாட்! ஐரோப்பாவில் சட்டமும், குப்பையைக் குறைத்ததாகக் கணக்குக் காட்ட வேண்டிய பெரிய கம்பெனிகளும் இல்லாமல் இது நடந்திருக்காது. மாணவர்கள் கேட்டா நடந்தது?

அந்த டி14-கள் மூன்று நான்கு வருஷக் குத்தகை முடிந்து 2027, 2028 வாக்கில் ரிட்சி தெருவுக்கு வந்து சேரும். கூடவே அதே ஜாடையில் டி14எஸ் என்ற தம்பியும் வரும். அது மெலிது, எடை குறைவு, பார்க்கவும் அழகு. ரேம் முழுக்கப் பற்றவைத்தது. வாங்குகிறவர் பெட்டியின் பெயரில் கடைசியாக ஓர் 'எஸ்' ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸை எடுக்கலாம்.